எட்டு மீன், ஆறு இறால்

மருமகளுக்கு அவள் அப்பா வாங்கித் தந்த கடல்நீர்த் தொட்டியில், பவளப்பாறைகளுக்கு நடுவே எட்டு மீன்களும் ஆறு இறால்களும் இருந்தன. ஒரே மாதத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை. துள்ளி விழுந்து தரையில் காய்ந்தும் கிடக்கவில்லை. மாமனார் மூடியை இறுக்கிக் கட்டினார். சாப்பாட்டுக்கு நடுவிலும் எழுந்து வந்து பார்த்தார். கடைசி மூன்றும் போயின.

ஞாயிறன்று வந்த சம்பந்தி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துச் சிரித்தார். "என்ன சம்பந்தி, வறுத்துட்டீங்களா, வித்துட்டீங்களா?"

மருமகள் தலைகுனிந்தாள். மாமனாருக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்ல இருந்து ஒரு துரும்பு வெளிய போகாது" என்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைத்தார். மணலையும் அளைந்தார். எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் அவர் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வெறும் தண்ணியில என்ன தேடுறீங்க?"

"நீங்களும் கைய விடுங்க."

சம்பந்தி சிரித்துக்கொண்டே விட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. தெளிந்த தண்ணீருக்குள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை; ஆனாலும் அவர் புறங்கைத் தோல், சின்னச் சின்னக் கால்கள் ஊன்றி நடப்பதுபோல, குழிந்து குழிந்து எழுந்தது.

மாமனார் முதுகை நிமிர்த்தினார்.

"எண்ணிப் பாத்துக்குங்க சம்பந்தி. பதினாலும் இருக்கும்."