புத்தர் மலைக்குப் பாதிக் கட்டணம்

"அடிவாரத்துல பூ வாங்காதே. ஒரு தாமரைக்கு மூணு மடங்கு விலை சொல்லுவான்," என்றாள் மியா யீ. "அவ்வளவு உயரத்துல நிக்கிற புத்தருக்கு அது கண்ணுலயா படப்போகுது?"

பக்கத்து இருக்கையில் இருந்த யமின் தலையாட்டினாள். இதுதான் முதல் தடவை. ஐராவதி ஆற்றில் ஒரு பகல் முழுக்கப் படகு, அப்புறம் மூட்டைகளோடு லாரி, இப்போது இந்த பஸ். வழிச் செலவுக்குக் காதுத் தோட்டை விற்றிருந்தாள்.

கடலை எண்ணெய் வியாபாரி ஒருவர், புத்தர் மலைக்குப் போகிறவர்களுக்காகப் புண்ணியத்துக்கு விடும் பஸ் அது. மற்ற வண்டிகளில் கேட்பதில் பாதிதான் கட்டணம். அவள் ஊர்க்காரியான மியா யீ பல வருடங்களாக இதில்தான் வருகிறாள்.

"சாப்பாட்டுக்கும் செலவு பண்ணாதே. மடத்துல சோறு போடுவாங்க. கும்பிட்டுட்டு உட்கார்ந்துட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தண்ணியும் அங்கயே ரொப்பிக்கலாம்."

"சரிக்கா."

"கொண்டு வந்ததையெல்லாம் உள்ள இருக்கறது வெளியில தெரியற பையிலதானே கட்டியிருக்கே? கண்ணாடி பாட்டில் எதுவும் இல்லையே? இருந்தா உள்ள விட மாட்டாங்க."

"இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான்."

டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர் யமின் மடியிலிருந்த பையை மோந்து பார்த்தான். "என்னம்மா இது, புத்தருக்குக் கருவாடு வறுத்து எடுத்துட்டுப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. யமினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மடத்துச் சாமியாருக்கு," என்றாள் மியா யீ. "உனக்கும் வேணும்னா மொட்டை அடிச்சிட்டு வந்து உட்காரு."

இன்னும் பெரிய சிரிப்பு. கண்டக்டர் மட்டும் விடவில்லை. "ஆம்பளை லுங்கி ஒண்ணு தெரியுதே. அதுவும் சாமியாருக்கா? இது சாமி கும்பிடப் போறவங்களுக்கு மட்டும் விடுற பஸ், தெரியுமில்ல?"

"அது என் வீட்டுக்காரருக்கு," என்றாள் யமின். "அவர் பேர்ல ஒரு வேண்டுதல்."

கண்டக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். மியா யீ அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வளைவு திரும்பியதும் எள்ளுக் காட்டுக்கு மேலே புத்தர் தெரிந்தார். பஸ்ஸில் எல்லாரும் கைகூப்பினார்கள். யமினும் கூப்பினாள். கண்ணீர் வழிந்து கன்னத்தில் பூசியிருந்த தனக்காச் சாந்து கரைந்தது.

"அங்க வந்து அழுது வைக்காதே," என்றாள் மியா யீ. "கொஞ்ச நேரம்தான் நிக்க விடுவாங்க. அது அழுகையிலயே போயிடும். சொல்ல வேண்டியதை வரிசையில நிக்கும்போதே மனசுல அடுக்கி வச்சுக்கோ."

"எவ்வளவோ இருக்கேக்கா."

"எல்லாருக்கும்தான் இருக்கு."

மலையடிவாரத்தில் மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்கள். "இப்படி வா, பின்பக்கம் வழி இருக்கு," என்று மியா யீ அவளை மலையைச் சுற்றி அழைத்துப் போனாள். அங்கே கம்பி போட்ட ஒரு ஜன்னலுக்கு முன்னால் ஏற்கெனவே நீண்ட வரிசை. பெரும்பாலும் பெண்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

யமின் தலையைச் சீவி முடிந்துகொண்டாள். சின்ன டப்பாவைத் திறந்து, கன்னத்தில் புதிதாகத் தனக்கா பூசிக்கொண்டாள்.

"முகம் சரியா இருக்காக்கா?"

"பளிச்சுனு இருக்கே. போ, உன் முறை வந்துடுச்சு. பேரைத் தெளிவாச் சொல்லு."

யமின் கணவன் பெயரையும் அவன் அப்பா பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஜன்னலுக்குள் இருந்தவர் பின்னால் திரும்பி யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவரை நேத்தே வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்கம்மா."