மதிப்பெண் தாளுக்கு, கடிதம் ஆளுக்கு

உண்மைக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர் ஆர்லன் ஹாஸ்கெல்.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், அந்த இரண்டாண்டுக் கல்லூரியில், எல்லோரும் அவரை டாக்டர் ஹாஸ்கெல் என்றுதான் அழைப்பார்கள். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அவர் முடிக்கவே இல்லை. அதற்காக யாரையும் திருத்தியதும் இல்லை.

அவர் கற்பித்தது அறவியல்.

கென்ட்ரா அவர் அறைக்குள் நுழைந்தபோது மணி நாலரை. ஐந்து மணிக்கு மாநிலத் தலைநகரத்துப் பல்கலைக்கழகம் விண்ணப்பங்களை மூடிவிடும். அங்கே கால்நடை மருத்துவத்துக்கான படிப்பில் மூன்றாம் ஆண்டு சேர இரண்டு ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கணக்கு ஆசிரியர் போன வாரமே அனுப்பிவிட்டார். இன்னொன்றைப் பிரெஞ்சு ஆசிரியையிடம் கேட்டிருப்பாள். அவர் டிசம்பரோடு வேலையை விட்டுப் போய்விட்டார். பக்கத்து அறைக் கதவில் அவருடைய பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது பசைத் தடம் மட்டும் இருந்தது.

எனவே ஹாஸ்கெல்.

கடிதத்தைப் படிக்க மாட்டேன் என்று விண்ணப்பத்திலேயே கென்ட்ரா எழுதிக்கொடுத்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் எழுதிக்கொடுப்பார்கள். ஹாஸ்கெல் எல்லோரையும் போன்றவர் அல்ல.

"முதுகுக்குப் பின்னாடி எழுதற பழக்கம் என்கிட்ட கிடையாது. படி. படிச்சதும் அனுப்பிடறேன்."

ஒற்றைத் தாளை நீட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கென்ட்ரா நின்றபடியே படித்தாள்.

செல்வி கென்ட்ரா தவறாமல் வகுப்புக்கு வருவார். கையெழுத்து தெளிவாக இருக்கும். சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லக்கூடியவர். சொந்தமாகச் சிந்திப்பாரா என்பதை அறியும் வாய்ப்பு எனக்கு இதுவரை அமையவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தின் வேகத்துக்கு அவர் ஈடுகொடுப்பாரா என்பதில் எனக்கு நேர்மையான ஐயம் உண்டு. பிறரைத் திருப்திப்படுத்துவதில் அளவுக்கு மீறிய அக்கறை காட்டுகிறார்.

கடைசி வாக்கியத்தில் அவள் தலை நிமிர்ந்தாள்.

ஹாஸ்கெல் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தார். மேசை மேல் டோனட் பெட்டி திறந்திருந்தது. பேக்கரியில் விடியற்காலை வேலை முடித்து வரும்போது செவ்வாய்தோறும் அவள் கொண்டுவந்து கொடுப்பது.

"டாக்டர், உங்க வகுப்புல எனக்கு ஏ-தானே போட்டீங்க?"

"பாரும்மா. மதிப்பெண் தாளுக்கு. கடிதம் ஆளுக்கு."

சொன்னது அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு துண்டுத்தாளில் குறித்துவைத்துக்கொண்டார்.

நாலே முக்கால்.

அந்தக் கடிதம் போனால் கதை முடிந்தது. போகாவிட்டால் விண்ணப்பம் அரைகுறை, அதுவும் முடிந்தது. கென்ட்ராவுக்கு வயது இருபத்தாறு. ஆகஸ்டில் போய்விடுவேன் என்று பேக்கரியில் சொன்னதும், அவசரக் குடுக்கைகள், இப்போதே கேக் செய்து வாழ்த்தி, அவள் இடத்துக்கு ஒரு பெண்ணையும் பிடித்துவிட்டார்கள். மாட்டு டாக்டர் கென்ட்ரா என்று கேக்கில் எழுதியிருந்தார்கள். அவள் அழுதுகொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க, டாக்டர். அந்த ஐயத்தை மட்டும்."

ஹாஸ்கெல் கண்களை மூடிக்கொண்டார். சிலுவையில் அறையப்படுகிறவரைப் போல.

"இருக்கிற ஐயத்தை இல்லேன்னு சொல்ல எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இந்நேரம் நான் எங்கேயோ போயிருப்பேன்."

அவர் இருபத்திரண்டு வருடங்களாக இதே அறையில் இருக்கிறார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் கருணை பிறக்கிறது என்று அர்த்தம்.

"அனுப்பச் சொல்லு, இந்த நிமிஷமே அனுப்பறேன். இல்லேன்னா இன்னும் ஒரு பருவம் என்கிட்ட படி. அறவியல் இரண்டாம் பகுதி. உன்னை முழுசாத் தெரிஞ்சுக்கறேன். அப்ப நான் எழுதற கடிதத்தை நீ சட்டம் போட்டு மாட்டுவே."

நாலு ஐம்பத்திரண்டு.

கென்ட்ரா தாளை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அனுப்பாதீங்க" என்றாள்.

ஹாஸ்கெல் கணினியை அணைத்தார். அவளுடைய நன்மைக்காக. எழுந்து வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். முதல் முறையாகச் சொந்தமாகச் சிந்தித்திருக்கிறாய் என்று பாராட்டினார். அடுத்த பருவத்து வகுப்புக்கான சேர்க்கைப் பட்டியலை இழுப்பறையிலிருந்து எடுத்து, பேனாவையும் மூடி திறந்து கொடுத்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். தெளிவான கையெழுத்து.

போட்ட பிறகுதான் பார்த்தாள். அவள் பெயரை அவரே மையால் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் தேதியும் போட்டிருந்தார். போன வாரத்துத் திங்கட்கிழமை.

சிபாரிசுக் கடிதத்தில் இருந்தது நேற்றைய தேதி.

தாளின் அடியில் கல்லூரி அலுவலகம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: எட்டுப் பேருக்குக் குறைந்தால் வகுப்பு ரத்து, ஆசிரியருக்கு அந்தப் பருவம் வேலை இல்லை.

அவளுடையது எட்டாவது பெயர்.