வராத நாள்

ஒரு வருடத்தில் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு மட்டம் போடாத ஆட்டக்காரனுக்குத்தான் அந்தக் கூடைப்பந்து அணியில் கோப்பை. பயிற்சியாளர் பால்துரை வருகைப் பதிவேட்டை உயர்த்திக் காட்டினார். "பாருங்கடே, ஒரு கட்டம்கூட காலி இல்ல. உழைப்புன்னா ஜெயசிங்தான்." வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜெயசிங் கோப்பையைத் தொடவில்லை.

"மார்ச் ஒம்பது நான் வரலன்னு போடுங்க சார்."

"லேய், அன்னைக்கு பந்துக்குப் பாஞ்சு தாடையக் கிழிச்சிக்கிட்டும் கடைசி வர ஆடினியே!"

அன்றும் வழக்கம்போல் எல்லோருடைய கைப்பேசிகளும் பால்துரையின் பையில் கிடந்தன. வீட்டில் தனியாக இருந்த ஜெயசிங்கின் மனைவி மெர்லின், மூச்சுத் திணறலோடு அவனைப் பதினொரு முறை அழைத்திருந்தாள். பன்னிரண்டாவதாக அழைத்தவர், கதவை உடைத்து உள்ளே போன பக்கத்து வீட்டுக்காரர்.

"பை அதிர்ந்தது உங்களுக்குத் தெரியும்."

"ஆட்டம் முடியட்டும்னு விட்டேன் மக்கா. இப்படி ஆகும்னு எவன் கண்டான்?"

"வரலன்னு போடுங்க."

"போட்டா கோப்பை செல்வினுக்குப் போயிரும்லே. அவன்தான் ரெண்டாவது."

ஜெயசிங் பதிவேட்டைப் பிடுங்கித் தரையில் விரித்தான். மார்ச் ஒன்பதின் கட்டத்தில் பேனாவை ஊன்றி அடித்தான். தாள் கிழிந்தது. அப்படியும் கை நிற்கவில்லை. அவள் போன பிறகும் அவன் தவறாமல் வந்து கையெழுத்திட்ட ஏப்ரல், மே, ஜூன் எல்லாவற்றையும் பேனா துளைத்துக்கொண்டு போனது.

பால்துரை அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். வரிசையிலிருந்து செல்வின் வந்து, பயிற்சியாளரின் கையை விலக்கிவிட்டான்.