ரொட்டி வேகும் நேரம்

வெள்ளை வண்டி பக்கத்து வீட்டு ஹெக்டரின் வாசலில் நின்று அரை மணி நேரம் ஆகிவிட்டது.

நார்பர்ட் ஜன்னலை விட்டு நகரவில்லை. வண்டியின் கதவில் பிள்ளைகள் நல அலுவலகத்தின் முத்திரை. போன மாதம் இதே வண்டிதான் உறைந்த ஏரியைக் கடந்து வந்து, ஊர்க்கோடியில் வேறொரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

"போட்டுக் கொடுத்துட்டான் படுபாவி. உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடக்கா, இங்க சோறாக்க ஆளில்லன்னு சொல்லியிருப்பான்."

"ஹெக்டர் மாமா அப்படியெல்லாம் சொல்லமாட்டாருப்பா" என்றாள் மூத்தவள் டெலியா.

"மாமாவாம் மாமா! ஏரியில வலை போடற இடத்துக்காகச் சண்டை போட்டு, ஆறு வருஷமா என் மூஞ்சியில முழிக்காதவன். போ, தங்கச்சிக்கு முகம் கழுவி விடு."

அலமாரியைத் திறந்தான். அரை மூட்டை மாவு, ஒரு டப்பா பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர். வேறு எதுவும் இல்லை. சட்டென்று மூடினான். அதிகாரி வந்து திறந்து பார்த்தால்?

சுடச்சுட ரொட்டி மணக்கிற வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்று யாரும் எழுத முடியாது. கிண்ணத்தில் மாவைக் கொட்டினான். உப்பு, பவுடர், கொழுப்பு, தண்ணீர். பேனக் ரொட்டிக்கு மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம். ரொம்பப் பிசையவும் கூடாது. அவசரத்தில் தரையெல்லாம் மாவு.

"இன்னைக்கும் பேனக்கா?" என்றாள் ஐந்து வயது ரூபி.

"அந்த ஆபீசரம்மா முன்னாடி இப்படிக் கேட்டே, தொலைச்சுப்புடுவேன்!"

"கேட்டா என்ன ஆகும்?"

மாவைப் பரப்பிய தட்டை அடுப்புக்குள் தள்ளி மூடினான். கதவு தட்டப்பட்டது.

வந்தவள் நடுத்தர வயதுக்காரி. கையில் ஒரு ஃபைல். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"என் பேர் ஜோன். நான் எதுக்கு வந்திருக்கேன்னா..."

"முதல்ல உட்காருங்கம்மா" என்று அவசரமாகக் குறுக்கிட்டான். "டீ குடிங்க. ரொட்டி வேகுது. வீட்டுக்கு வந்தவங்க ஒரு வாய் சாப்பிடாம, வந்த காரியத்தைக் கேக்கறது எங்க வழக்கமில்ல."

ஜோன் சிரித்தாள். "ஹெக்டர் வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க."

வழக்கம் என்னவோ உண்மைதான். ஆனால் இன்றைக்கு அது அவனுக்கு இருபத்தைந்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தது. அதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். இவள் ஃபைலைத் திறந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், டெலியாவும் ரூபியும் போய்விடுவார்கள்.

"அந்த ஹெக்டர் சொல்றதை நம்பாதீங்கம்மா" என்றான்.

ஜோன் நிமிர்ந்தாள். "ஏன்?"

"வேட்டைத் துப்பாக்கியை, குண்டு போட்டபடியே கதவு மூலையில சாய்ச்சு வச்சிருப்பான். பக்கத்துல பிள்ளைங்க நடமாடுற இடம்!"

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"என் ரெண்டு கண்ணால."

டெலியா வாயைத் திறந்தாள். அப்பா முறைத்ததும் மூடிக்கொண்டாள். ஹெக்டரின் துப்பாக்கி இரும்புப் பெட்டியில் இருப்பதும், சாவி அவன் கழுத்துக் கயிற்றில் தொங்குவதும் ஊருக்கே தெரியும். நார்பர்ட்டுக்கும் தெரியும்.

ஜோன் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் அவனுக்குத் துணிச்சல் வந்தது.

"பொறி வைக்கக் காட்டுக்குப் போனான்னா மூணு நாள் ஆனாலும் வரமாட்டான். அடுப்பு அணைஞ்சு வீடே ஐஸாக் கிடக்கும். இவன் அடுத்தவன் பிள்ளையைப் பத்திப் பேச வந்துட்டான்! ஒரு நாய்க்குட்டியைக்கூட இவனை நம்பி விடமுடியாதும்மா."

அவள் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ரொட்டி வெந்தது. நார்பர்ட் பிட்டு வைத்தான். அவள் ஒரு துண்டைத் தின்று, டீயையும் முடித்தாள். இனி தள்ளிப்போட வழியில்லை. ரூபியை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான்.

"இப்ப சொல்லுங்கம்மா. என் பிள்ளைங்களைக் கொண்டுபோகத்தானே வந்திருக்கீங்க?"

"உங்க பிள்ளைங்களையா?" ஜோன் திகைத்தாள். "ஐயோ, இல்லையே! ஹெக்டரோட மகள் இறந்ததுலேர்ந்து அவளோட ரெண்டு பிள்ளைங்களும் நகரத்துல முன்பின் தெரியாதவங்க வீட்டுல வளருதுங்க. பேரப்பிள்ளைங்களைத் தன்கிட்ட அனுப்பிடுங்கன்னு அவர் மனு போட்டிருக்கார். அனுப்பலாமா, வேண்டாமான்னு ஊர்க்காரர் ஒருத்தரைக் கேட்டு எழுதணும். நல்லவேளை, எல்லாத்தையும் சொன்னீங்க."

நார்பர்ட்டின் கை ரூபியின் தோளில் அப்படியே நின்றது.

"என்னை... என்னை எதுக்கும்மா கேக்க வந்தீங்க?"

ஜோன் மனுவை அவன் பக்கம் திருப்பினாள். அடியில், ஹெக்டரின் கோணல்மாணல் கையெழுத்தில் மூன்றே வரி:

"நார்பர்ட்டுக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆனால் பொய் சொல்லமாட்டான். அவனைக் கேளுங்கள்."