சுவரில் ஒரு கடல்

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த சூசைதாசன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நடுச்சுவரில் திருஇருதய ஆண்டவரைக் காணவில்லை.

தங்கை செலீன் மில்லிக்கன் பகுதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, ஒஷாவா நகரில் தன் வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து அவரே தன் கையால் கொழுவிய படம். இப்போது அந்த இடத்தில், கதவு அகலத்துக்கு, ஒரு கடல். பின்னால் பச்சை மலை. தட்டைத் தொப்பி போட்ட ஆட்கள் வள்ளம் இழுக்கிறார்கள். தலையில் மீன்கூடையோடு ஒருத்தி.

"ஆண்டவர் எங்க?"

"அந்தா, சாப்பாட்டு மேசைப் பக்கம் அண்ணை."

"உது எந்த ஊர்?"

"ஸ்பெயினின்ர வடக்குக் கரை மச்சான், பாஸ்க் எண்டு சொல்லுவினம்," என்றான் செலீனின் கணவன் லெஸ்லி. "அந்த ஊர் ஓவியர் ஒராள் கீறினதின்ர பிரிண்ட். எங்கட சவேரியாரும் அந்தப் பக்கம்தான்."

"அப்ப சவேரியாரைக் கொழுவியிருக்கலாமே. மீன்கூடை பார்க்கிறதெண்டால் நான் மன்னாரிலேயே நிண்டிருப்பன்."

லெஸ்லி சிரித்தான். சூசைதாசன் சிரிக்கவில்லை.

சோபாவில் இருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சோபா படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. படத்துக்கு மேலே தனியாக ஒரு லைற். முன் ஜன்னல் திரை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டியிருந்தது. நாலரை மணிக்கே இருட்டுகிற மார்கழி மாதம். எதிர்வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு கார் போகிற வழிதான். அங்கிருந்து பார்த்தால் இவர்கள் குடிக்கிற தேத்தண்ணியின் நிறம்கூடத் தெரியும்.

"வீட்டில இருக்கிற உங்களுக்குப் படம் தெரியாது. வெளியில நிக்கிறவனுக்குத் தெரியும். ஆருக்குக் காட்டுறியள் உந்த எடுப்பு?"

"அண்ணை, அது வந்து..."

"எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். வீடு பெருத்தால் ஆண்டவர் மூலைக்குப் போறதை நானும் கண்டிருக்கிறன்."

செலீன் தேத்தண்ணி போடப் போனாள். லெஸ்லி, நீச்சல் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவரப் புறப்பட்டான்.

தனியே இருந்த சூசைதாசனுக்குப் பொறுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். கடலை இறக்கிக் கீழே சாய்த்து வைத்தார். ஆண்டவரின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து, பழைய இடத்திலேயே கொழுவினார். சிலுவை அடையாளம் போட்டார். திரையையும் இழுத்து மூடினார். மனம் நிறைந்துபோயிற்று.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள்.

செலீன் வந்து திறந்தாள். எதிர்வீட்டு மிரென். கோட்டுகூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு பனிக்குள் வந்திருந்தாள்.

"மன்னித்துக்கொள் செலீன்," என்றாள் ஆங்கிலத்தில். "அப்பாதான் அனுப்பினார். யாரோ தன் ஊரைக் கழற்றுகிறார்களாம். ஏதும் பிரச்சினையா?"

செலீன் சுவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"ஒன்றுமில்லை. என் அண்ணா கண்ணாடி துடைக்கிறார். இப்போது திரும்பக் கொழுவிவிடுவார் என்று அப்பாவிடம் சொல்லு."

கதவு சாத்தப்படும்வரை சூசைதாசன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் பிள்ளை அந்த அப்பா?"

"படத்தில இருக்கிற ஊர்க்காரர். இடுப்பு முறிஞ்சு எட்டு மாசமாப் படுக்கை. கட்டில் முன்னறை ஜன்னலோட. அதுக்கால பார்த்தால் எங்கட இந்தச் சுவர்தான் தெரியும்."

"அப்ப படத்தை அவரின்ர அறையிலயே கொழுவலாமே?"

"கொழுவிப் பார்த்தம் அண்ணை. அங்க அது வெறும் படமாம். சின்னனில தன்ர வீட்டு ஜன்னலால கடலைப் பார்த்தவராம். இப்பவும் ஜன்னலுக்கால பார்த்தால்தான் அது ஊராம்."

சூசைதாசன் போய்த் திரையை விலக்கிக் கட்டினார். மறுபடி கதிரையில் ஏறினார். ஆண்டவரின் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நில்லும் ஆண்டவரே. அந்த மனுசனுக்குக் கடல் மறைக்குது."