மணல் வாளி

"கதவைச் சாத்தினது யாரு? அவரா, நீயா?"

கேட்டவர் துணை முதல்வர். மாணவியர் பாதுகாப்புக் குழுவின் தலைவியும் அவரே. வலப்புறம் வேதியியல் ஆசிரியை, இடப்புறம் நூலகர். மூவரும் பெண்கள், ஆகவே நியாயம் தானாக நடந்துவிடும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை.

துறைத்தலைவர் மீது புகார் கொடுத்துவிட்டு எதிரே நின்ற ஆராய்ச்சி மாணவியை உட்காரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

"நான்தான் மேடம். சிவப்பு மணல் வாளி ஒண்ணு கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. 'ஏ.சி. ஓடுது மகளே, அதை நகர்த்திட்டுக் கதவைச் சாத்து'ன்னு சார் சொன்னார். சாத்தினேன்."

வாளி என்றதும் நூலகருக்கு இருமல் வந்தது. வேதியியல் ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, சாத்தினது நீ!"

"சாத்தினது நான். தாழ்ப்பாள் போட்டது அவர்."

"கையைப் பிடிச்சார்ங்கறே. அப்பவே ஏன் கத்தலை?"

"குரலே எழும்பலை மேடம். உதறிட்டு ஓடி வந்துட்டேன்."

"இப்ப மட்டும் கணீர்னு வருதே!" என்றார் வேதியியல் ஆசிரியை.

தலைவி பெருமூச்செறிந்தார். "இந்தக் காலேஜே அவரை 'அப்பா சார்'னு கூப்பிடுது. இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்திருக்கா? சரி, அப்படியே வெச்சுக்குவோம். நீ தனியா ஏன் போனே? துணைக்கு ஒருத்தியைக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"என் ஆய்வுக்கு அவர்தானே மேடம் வழிகாட்டி? சந்தேகம் கேட்கப் போறதுக்குத் துணை எதுக்குன்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சே!"

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மேடம். வழிகாட்டியை மட்டும் மாத்திக் கொடுங்க. மறுபடி அந்த அறைக்குள்ள என்னால போக முடியாது. இல்லேன்னா படிப்பை விட்டுட்டுத்தான் போகணும்."

"வெளியே இரு. கூப்பிடறோம்."

வந்த தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு தயாராகிவிட்டது. தலைவி அவளை அழைத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"துறைத்தலைவரின் அறை மாணவியர்க்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று இக்குழு ஒருமனதாகக் கருதுகிறது. மாணவி அதே வழிகாட்டியிடம் ஆய்வைத் தொடர வேண்டியது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வயசுப் பொண்ணு நீ. பேர் கெட்டுப் போயிடும். அனுசரிச்சுப் போம்மா."

மாணவி நடைவழியில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதிரே, நாலு அறை தள்ளி, அந்தக் கதவு.

தீர்ப்பில் துறைத்தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நீங்க போய் வாங்கிட்டு வந்துடறீங்களா?" என்று நூலகரிடம் கேட்டார் தலைவி.

"நானா? ஐயோ, லைப்ரரியைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன் மேடம்."

"அப்ப நீங்க?"

"எனக்கு லேப் இருக்கே! அதோட, பதவியில பெரியவங்க நீங்க. நீங்க போறதுதான் அவருக்கும் மரியாதை" என்றார் வேதியியல் ஆசிரியை.

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மற்ற இருவரையும் பார்த்தார்.

"சரி, மூணு பேருமாப் போயிடலாம்."

மூவரும் பெஞ்சைக் கடந்து நடந்தனர். தலைவி கதவைத் தட்டினார், திறந்தார். பிறகு, குனியாமலும் கீழே பாராமலும், சுவரோரம் இருந்த சிவப்பு மணல் வாளியைப் பழகிய காலால் ஒரே தள்ளில் நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். நூலகர் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"வாங்கம்மா, வாங்க! ஏ.சி. ஓடுது, கதவைச் சாத்திடுங்க!" என்றது உள்ளிருந்து குழைந்த குரல்.

"இருக்கட்டும் சார், காத்து வரட்டும்!" என்றனர் மூவரும் ஒரே குரலில்.

கையெழுத்து கிடைத்தது. வேகவேகமாக வெளியே வந்தவர்களின் எதிரே மாணவி எழுந்து நின்றாள். இம்முறை அவள் குரல் நடைவழி முழுதும் கேட்டது.

"இத்தனை வருஷமா நீங்க ஏன் மேடம் கத்தலை?"