உப்பில் ஊறிய கம்பி

"மூணு டைப் இருக்குதும்மா" என்று சொல்லி, பாண்டிச்சேரி பல் டாக்டர் மூன்று பிளாஸ்டிக் தாடைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

ஒன்றில் வெள்ளிக் கம்பி. இன்னொன்றில் பல் நிறத்திலேயே கிளிப்பு, அதற்கும் கம்பி உண்டு. மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் நகத்தால் நெம்பியதும் கண்ணாடி மாதிரி ஓர் உறை கழன்று வந்தது.

"இது ட்ரே. போட்டிருக்கறதே தெரியாது. சாப்பிடறப்ப மட்டும் கழட்டணும். வெலதான் ஜாஸ்தி. உங்க பொண்ணுக்கு மூணுல எது போட்டாலும் சரியாயிடும். பேசி முடிவு பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க."

சிவசங்கரிக்குத் தலை சுற்றியது. கடைக்காரன் மூன்று புடவையை எடுத்துப் போட்டாலே அவளுக்கு முடிவெடுக்க வராது. இது பெற்ற பெண்ணின் வாய்.

நிவேதா எட்டாவது படிக்கிறாள். முன்பல் தூக்கலாக இருப்பதால் ஒரு வருஷமாக வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். அந்தக் கண்ணாடி உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"எனக்குக் கம்பியே போதும்மா."

அப்பன்காரன் கலையரசன் இதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. "டாக்டர், இந்தக் கம்பி துருப்பிடிக்குமா?" என்றான்.

டாக்டர் சிரித்தார். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுங்க."

"எங்க ஊரு மரக்காணம் சார். உப்பளம் வச்சிருக்கேன். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயினு எதுவுமே அங்க தாங்காது. ஒரு துண்டு குடுங்க. உப்புத் தண்ணியில போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

டாக்டரும் ஒரு துண்டை நறுக்கி, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். சிவசங்கரிக்கு மானம் போயிற்று.

"பொண்ணு வாயி இன்னா உங்க உப்புப் பாத்தியா?" என்று பஸ்ஸில் பல்லைக் கடித்தாள்.

"எதையும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் செய்யணும்" என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் ஊரே டாக்டராகிவிட்டது. "பொட்டப்புள்ள வாயில கம்பியா? ஆகாதும்மா" என்றாள் எதிர்வீட்டு அம்சவல்லி. அவள் மருமகளோ, "கழட்டி மாட்டறதுன்னா புள்ளைங்க ஒரே வாரத்துல தொலைச்சிடுங்கக்கா" என்றாள். போனில் தம்பி சொன்னது இன்னும் அழகு. "நடுவுல இருக்கறத எடுக்கா. எப்பவும் நடுவுல இருக்கறதுதான் சேஃப்."

கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் மகளையே பிடித்துக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. உனக்கு எது புடிச்சிருக்குது?"

நிவேதா வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ட்ரேதாம்மா. கம்பி போட்டுக்கிட்டா இன்னும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா அப்பா உப்பு ஏத்த குட்டியானை வண்டி வாங்க ரெண்டு வருஷமா காசு சேக்கறாரு. வாடகை வண்டி வர்றதுக்குள்ள மழை வந்து உப்பு கரைஞ்சிடுதுன்னு பொலம்பறாரு இல்ல? அவருகிட்ட சொல்லாதம்மா. சத்தியம் பண்ணு."

சிவசங்கரி சத்தியம் செய்தாள். செய்த பிறகு யாருக்காக வருத்தப்படுவது என்றே விளங்கவில்லை. லோடு வண்டிக்காக ஏங்கும் புருஷனுக்கா, வாயை மூடிச் சிரிக்கும் மகளுக்கா?

அந்த மனுஷனோ தினமும் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, "கம்பி ஊறுது" என்று மட்டும் சொன்னான். கஞ்சன், கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

சனிக்கிழமை உப்பளத்திலிருந்து வந்ததும் இருவரையும் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தான். செக்கச்செவேலென்று துருவேறிய ஒரு துண்டுக் கம்பி.

"பாத்தியா? நான் சொல்லல? ஒரே வாரத்துல இந்தக் கதி. கம்பியே வேணாம். அந்த ட்ரேயப் போட்டுடலாம்."

நிவேதா திகைத்துப்போனாள். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதுப்பா. புக்குல இருக்குது."

"புக்கு எழுதினவரு மரக்காணம் வந்து பாத்தாரா?"

"அப்போ குட்டியானை?"

"அதுவும் இரும்புதானே. மெதுவா வாங்கினா மெதுவாத் துருப்பிடிக்கும்."

நிவேதா சிரித்துவிட்டாள். வாயை மூட மறந்துபோயிற்று.

சிவசங்கரிக்கு மட்டும் குழப்பம் தீரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்த் தண்ணீரில்தான் எவர்சில்வர் தட்டைக் கழுவுகிறாள். ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. அவ்வளவு பெரிய டாக்டர் பொய்யா சொல்லியிருப்பார்?

மறுநாள் புருஷனின் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்து உதறினாள். அடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர் விழுந்தது. மேலே அடித்த ஸ்டேப்ளர் பின்கூடப் பிரிக்கப்படவில்லை. உள்ளே டாக்டர் நறுக்கிக் கொடுத்த கம்பி, கொடுத்தபடியே பளபளவென்று இருந்தது.

ஒரு வாரமாகக் கஞ்சன் என்று திட்டியவள் அந்தக் கவரை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னாம்மா அது?" என்று பின்னால் வந்து நின்றாள் நிவேதா.

சிவசங்கரி கையை இறுக மூடிக்கொண்டாள்.

"துருப்பிடிச்ச கம்பிதான். நீ போய்ப் படி."